பெறுநர் முகவரி இல்லாத கடிதங்கள்



அலுவல் கடிதம் எழுதக் கற்பிக்கும்போது நாம் எத்துணைக் கண்டிப்பாக இருக்கிறோம்! அனுப்புநர் முகவரி இல்லையா, மதிப்பெண் குறைவு. பெறுநர் முகவரி இல்லையா, மேலும் குறைவு. நாள் எழுத மறந்துவிட்டால் சிவப்பு மையில் ஒரு வட்டம். பத்து வயதுக் குழந்தையிடம் இத்தனையும் கேட்கிற நாம், நம் பள்ளிக் கணினி அறையிலிருந்து நாள்தோறும் நூற்றுக்கணக்கில் புறப்பட்டுப் போகிற கடிதங்களுக்குப் பெறுநர் யார் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

நான் கடிதம் என்று சொல்வது மின்னஞ்சலை அன்று. கணினியில் நிறுவப்பட்ட ஒரு சிறு மென்பொருள், அக்கணினியில் நடப்பவற்றைக் குறித்துவைத்து, குறித்தவற்றைப் பொதி பொதியாகக் கட்டி, இணையத்தின் வழியே வேறோர் இடத்திலுள்ள வழங்கிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. இதனை டெலிமெட்ரி என்பர். தமிழில் தொலையளவீடு எனலாம். குறித்து அனுப்பும் அந்த மென்பொருளுக்கு ஏஜெண்ட் என்று பெயர். முகவர் என்று மொழிபெயர்த்தால் நமக்குக் காப்புறுதி முகவர்தான் நினைவுக்கு வருகிறார்! ஆகவே, சேகரிப்பான் என்றே இங்கு எழுதுகிறேன்.

கணினி என்றாலே முகஞ்சுளிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன் நான். 2001ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரில்தான் நடந்தது. முரசு அஞ்சல் மென்பொருள் பிறந்ததும் இம்மண்ணில்தான். தமிழும் கணினியும் கைகோத்த வரலாற்றில் இந்நாட்டுத் தமிழர்க்குப் பெரும்பங்கு உண்டு. அத்தகைய பெருமைக்குரியவர்கள், தம் பிள்ளைகள் அமரும் கணினிக்குள் என்ன ஓடுகிறது என்பதை அறியாமல் இருக்கலாமா?

தொலையளவீட்டால் நன்மை உண்டு என்பதையும் மறுக்கவில்லை. 20 கணினிகள் உள்ள அறையில் எதன் வன்தட்டு நிரம்பிவிட்டது, எதற்கு நினைவகம் போதவில்லை, எது அடிக்கடி நின்றுபோகிறது என்பது முன்கூட்டியே தெரிந்தால் ஆசிரியருக்கு எவ்வளவு ஆறுதல்! ஒரு பாடவேளையில் 10 நிமிடம், கணினி விழித்தெழக் காத்திருப்பதிலேயே கழிந்துபோகிற துன்பத்தைப் பட்டவர்களுக்குத்தான் இது புரியும். ஆதலால், சேகரிப்பானே வேண்டா என்பது என் வாதமன்று. அது எதைச் சேகரிக்கிறது, எங்கே அனுப்புகிறது என்பது எழுத்தில் காட்டப்படாதவரை எந்தத் தமிழ்ப்பள்ளிக் கணினியிலும் அதை நிறுவ விடக்கூடாது என்பதே என் வாதம்.

இது நடவாத காரியம் என்று தொழில்நுட்பர் யாரேனும் கூறினால் நம்பாதீர்கள். ஓப்பன் டெலிமெட்ரி என்றொரு திறவூற்றுத் திட்டம் உள்ளது. ஓப்பன் டிரேசிங், ஓப்பன் சென்சஸ் என்னும் இரண்டு திட்டங்கள் இணைந்து 2019ஆம் ஆண்டில் உருவானது அது. அதன் சேகரிப்பானை எவரும் இலவசமாகப் பதிவிறக்கித் தம் கணினியில் நிறுவலாம். விண்டோசிலும் ஓடும், லினக்சிலும் ஓடும். பெரிய நிறுவனங்கள் தம் வழங்கிகளைக் கண்காணிக்க இதைப் பயன்படுத்துகின்றன. இதன் சிறப்பு என்னவெனில், செய்ய வேண்டியவை யாவும் ஒரே கோப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். அக்கோப்பின் முதன்மையான பகுதிகள் மூன்று. எந்தெந்தத் தகவலை எடுப்பது என்று சொல்வது ரிசீவர். எடுத்தவற்றுள் எதை நீக்குவது, எப்படிக் கட்டுவது என்று சொல்வது பிராசசர். கட்டியதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்வது எக்ஸ்போர்ட்டர். நோட்பேடில் திறந்து படிக்கலாம்.

எக்ஸ்போர்ட்டர் என்ற இடத்தில் அதே கணினியிலுள்ள ஒரு கோப்பின் பெயரை எழுதினால், எல்லாக் குறிப்பும் அங்கேயே தங்கிவிடும். பள்ளி வாயிலைக்கூடத் தாண்டாது. அவ்விடத்தில் வேற்று நாட்டு வழங்கி ஒன்றின் முகவரியை எழுதினால், அதே குறிப்புகள் கடல் கடந்து போய்ச் சேரும். மென்பொருள் ஒன்றே, வேறுபாடு ஒரு சில வரிகள்தாம்! கணினி முன் அமர்ந்திருக்கும் மாணவனுக்கோ இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஏனெனில் அவனுக்கு எதுவுமே தெரியாது. விண்டோசில் இத்தகைய சேகரிப்பான்களைப் பெரும்பாலும் 'சர்வீஸ்' என்ற வகையில் நிறுவுகிறார்கள். கணினியை முடுக்கியதும், யாரும் கடவுச்சொல் இடுவதற்கு முன்பே, அவை ஓடத் தொடங்கிவிடும். படவுருவும் இராது, சாளரமும் திறவாது.

எடுக்கும் பகுதியில் உள்ள நுட்பத்தையும் பாருங்கள். கணினியின் உடல்நிலையை அறிய ஹோஸ்ட் மெட்ரிக்ஸ் என்றொரு ரிசீவர் உண்டு. செயலியின் சுமை, நினைவகம், வன்தட்டு ஆகியவற்றை மட்டும் அதனிடம் கேட்டால், எந்தக் குழந்தைக்கும் தீங்கில்லை. ஆனால், அதிலேயே 'பிராசஸ்' என்ற பிரிவையும் சேர்த்துவிட்டால், எந்த நிரல் ஓடியது, அதை எந்தப் பயனர் ஓட்டினார், எந்தக் கட்டளை வரியோடு ஓட்டினார் என்பனவும் கூடவே வரக்கூடும். நம் பள்ளிகள் பலவற்றில் பயனர் பெயர் என்பது மாணவரின் பெயரும் வகுப்பும்தானே? கட்டளை வரியில் திறந்த கோப்பின் பெயரும் இருக்கலாமே? ஆக, 'கணினி நலமா?' என்று விசாரிக்கப் புறப்பட்ட ஒன்று, 'நான்காம் ஆண்டு இன்ன மாணவி காலை 10.20க்கு இன்ன கோப்பைத் திறந்தாள்' என்று கோள் சொல்லத் தொடங்கிவிடுகிறது. இடையில் கூடியது ஒரே ஒரு சொல்!

கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு நன்கொடையாகக் கணினிகள் வந்தபோது நானும் அங்கு இருந்தேன். பள்ளியின் பெயரும் கொடுத்தவர் பெயரும் இங்கே வேண்டா. நிறுவ வந்த இளைஞர் நல்ல பிள்ளை. ஒவ்வொரு கணினியிலும் ஏதோ ஒன்றைக் கூடுதலாக நிறுவிக்கொண்டே போனார். என்னவென்று கேட்டேன்.

"மெயின்டனன்சுக்குத்தான் சார். நீங்க ஒன்னும் செய்ய வேணாம்."

"எங்கே தம்பி அனுப்புது?"

"கிளவுட்டுக்கு சார்."

கிளவுட் என்பது ஒரு முகவரியா? கடித உறைமேல் 'மேகம்' என்று எழுதி அஞ்சற்பெட்டியில் போட்டால், அஞ்சற்காரர் எந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார்? அந்த இளைஞரை நொந்து பயனில்லை. அவருக்கும் தெரியாது, அவரை அனுப்பியவருக்கும் தெரிந்திருக்குமோ என்னவோ! அந்த அமைப்புக் கோப்பைக் கேட்டு எழுதினோம். சில வாரங்கள் கழித்து வந்தது. பிராசஸ் பிரிவு அதில் இருந்தது. நீக்கச் சொன்னோம், நீக்கிக் கொடுத்தார்கள். கேட்டதனால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கணினிகளைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

ஆனால், கேட்பதற்கு முன் ஆசிரியர் அறையில் எழுந்த முணுமுணுப்பைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. "சும்மா கொடுப்பவரிடம் இதையெல்லாம் கேட்கலாமா? அடுத்த ஆண்டு கொடுக்காமல் போய்விட்டால்?" இந்த அச்சம் நமக்குப் புதிதன்று. நம் பள்ளிகளில் பல, தோட்டங்களில் தொடங்கியவை. ஒழுகும் கூரையை மாற்றவும் தோட்ட நிருவாகத்தின் கருணையை எதிர்பார்த்துக் கைகட்டி நின்ற தலைமுறைகள் உண்டு. தோட்டம் போய்விட்டது, கைகட்டும் பழக்கம் மட்டும் நம்மைவிட்டுப் போகவில்லை! பெருந்தொற்றுக் காலத்தில், இல்லிருப்புக் கற்றல் கற்பித்தலின்போது, ஒரே திறன்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய வீடுகளை நாமறிவோம். 2021 பிப்ரவரியில் தொடங்கிய செர்டிக் திட்டத்தில் பி40 குடும்பத்து மாணவர்களுக்கென 150,000 கருவிகள் அறிவிக்கப்பட்டன. நிதி, அரசு சார்ந்த நிறுவனங்களிடமிருந்து வந்தது. அத்தகைய கொடைகளின் அருமையை யார் மறுப்பார்? கொடுத்தவரை வாழ்த்துவோம். எனினும், தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தவர், அதைக் கட்டிக்கொண்டு நீ எங்கெங்கே போனாய் என்று நாள்தோறும் கணக்குக் கேட்டால் ஏற்போமா?

வசதியுள்ள பிள்ளைக்கு அப்பா லோ யாட் பிளாசாவில் கணினி வாங்கித் தருகிறார். அதில் யாருடைய சேகரிப்பானை வைப்பது, வைக்காமல் இருப்பது என்பது அவருடைய விருப்பம். ஏழைப் பிள்ளைக்குக் கொடையாக வரும் கணினியில் மட்டும் அந்த விருப்பம் கொடுத்தவருடையதாகிவிடுகிறது. வறுமைக்கு இப்படியும் ஒரு விலையா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லோயர் மெரியன் என்றொரு பள்ளி மாவட்டம். வசதியான வட்டாரம்தான். மேனிலைப்பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 2,300 பேருக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். காணாமற்போனால் கண்டுபிடிப்பதற்காக அதில் ஒரு மென்பொருளும் இருந்தது. அம்மென்பொருள் கணினியின் ஒளிப்படக் கருவியை இயக்கிப் படம் எடுத்து அனுப்பக்கூடியது என்பதை மாணவர்க்கோ பெற்றோர்க்கோ யாரும் சொல்லவில்லை. 2010 பிப்ரவரியில் ஒரு குடும்பம் வழக்குத் தொடுத்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. ஒளிப்படங்களும் திரைப்படிகளுமாக 56,000க்கும் மேல்! வீட்டில், படுக்கையறையில் இருந்த பிள்ளைகள்! அந்த ஆண்டு அக்டோபரில் 610,000 டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். தொலைந்த கணினியைத் தேடத்தான் என்று சொல்லி வைத்தது அது என்பதை மறவாதீர்கள். 'பராமரிப்புக்குத்தான்' என்பதும் அதே குடும்பத்துச் சொல்தான்.

தீய எண்ணம் இருந்தால்தான் தீங்கு வரும் என்பதும் இல்லை. 2017 மே மாதத்தில், எச்பி மடிக்கணினிகள் சிலவற்றில் ஒலிக்கான இயக்கி நிரலே, விசைப்பலகையில் அழுத்தும் விசைகள் அனைத்தையும் ஒரு கோப்பில் எழுதிவந்ததைச் சுவிட்சர்லாந்து நாட்டு வல்லுநர்கள் கண்டுபிடித்தனர். பிழைதிருத்துவதற்காக எழுதிய நிரல்வரிகளை நீக்காமல் விட்டிருந்தார்கள். அக்கோப்பு வெளியே போகவில்லை. ஆயினும், அதே கணினியில் அமரும் எவரும் அதைத் திறந்து மற்றவரின் கடவுச்சொல்லைப் படிக்கலாம். ஒரு கணினியைக் காலையில் ஆறாம் ஆண்டும் பிற்பகலில் ஆசிரியரும் பயன்படுத்துகிற நம் பள்ளிகளில் இது எப்படி முடியும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

நம் நாட்டில் அப்படியெல்லாம் நடக்காது என்பார் சிலர். 2018 ஜூன் மாதத்தை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். மாணவர் தேர்வு முடிவுகளைப் பார்க்கும் சாப்ஸ் என்னும் கல்வி அமைச்சின் தளத்தில் பாதுகாப்புக் குறை இருப்பதாகவும், ஏறத்தாழ 1 கோடிப் பேரின் தகவல்கள் கசியக்கூடும் என்றும் செய்தி வந்தது. தளத்தை மூடிவைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அதற்கு முந்திய ஆண்டு அக்டோபரில்தான் 4.6 கோடிக்கும் மேற்பட்ட கைத்தொலைபேசிக் கணக்குகளின் தகவல்கள் வெளியே உலவுவது தெரியவந்திருந்தது. நம் அடையாள அட்டை எண்ணோ வெறும் எண்ணன்று. முதல் 6 இலக்கங்களில் பிறந்த நாள். அடுத்த 2 இலக்கங்களில் பிறந்த இடம். கடைசி இலக்கத்தில் ஆணா பெண்ணா என்பது. கடவுச்சொல்லை மாற்றலாம். பிள்ளையின் பிறந்த நாளை மாற்ற முடியுமா?

சட்டம் காக்கும் என்று காத்திருப்போருக்கும் ஒரு செய்தி. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. அதன் 3ஆம் பிரிவு, இச்சட்டம் மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது என்கிறது. அன்றியும், வணிகப் பரிவர்த்தனை சார்ந்த தரவுகளுக்கே அது உரியது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் 2025இல் படிப்படியாக நடப்புக்கு வந்தது. தண்டத்தின் உச்சவரம்பு 300,000 வெள்ளியிலிருந்து 10 இலட்சம் வெள்ளியாயிற்று. தரவு கசிந்தால் ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்ற கடமையும் வந்தது. வரவேற்போம்! ஆனால், அரசுக்கான விலக்கு அப்படியே இருக்கிறது. வணிக நிறுவனங்கள் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று விதி உண்டு. கொடையாகக் கொடுத்தவரின் சேகரிப்பான் இதில் எங்கே நிற்கிறது? வழக்கறிஞர்கள் வாதிட்டுக்கொள்ளட்டும். அதுவரை நம் பிள்ளைகளுக்கு நாமே வாயிற்காவலர்.

தாய்த்தமிழகத்தையும் பார்ப்போம். 2018ஆம் ஆண்டில் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீட்டுக் கட்டங்களை அச்சிட்டார்கள். திறன்பேசியால் அவற்றை வருடினால், இந்திய அரசு 2017இல் தொடங்கிய தீக்ஷா தளத்தில் பாடம் விரியும். நல்ல முயற்சிதான், பாராட்டுகிறேன். ஆனால் 2022 மே மாதத்தில் மனித உரிமைக் கண்காணிப்பகம் 49 நாடுகளில் பரிந்துரைக்கப்பட்ட 160க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், அவற்றுள் 89 விழுக்காடு பிள்ளைகளின் உரிமைக்கு ஊறு விளைவிக்கும் வகையில் தரவைக் கையாண்டன என்று கூறியது. மாணவர் இருக்குமிடத்தை அறியும் திறனுள்ள செயலிகளுள் தீக்ஷாவும் குறிப்பிடப்பட்டது. 2023 சனவரியில், பாதுகாப்பின்றி விடப்பட்ட ஒரு வழங்கியில் தீக்ஷாவின் ஆசிரியர்கள் ஏறத்தாழ 10 இலட்சம் பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும், மாணவர்கள் ஏறத்தாழ 6 இலட்சம் பேரின் தகவல்களும் கிடந்தது வெளியாயிற்று. திரட்டியவர்கள் திருடர்கள் அல்லர். திரட்டிவைத்தார்கள்; பூட்ட மறந்தார்கள்.

"எண்ணிக்கை இல்லாமல் திட்டத்தை மதிப்பிடுவது எப்படி?" என்று கேட்கும் அதிகாரிகளின் கேள்வி நேர்மையானது, அதற்கு விடை உண்டு. 2011இல் ஒப்பந்தமாகி ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கென வகுக்கப்பட்ட ஒன்பெஸ்தாரிநெட் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மெய்நிகர் கற்றல் தளத்தின் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை எடுத்துக்காட்டியது. மக்கள் பணம் எங்கே போகிறது என்பதைக் காட்டிய அந்தக் கணக்குக்குத் தேவைப்பட்டவை மொத்த எண்களே. எந்த மாணவன், எந்த நிமிடம், எந்தப் பக்கம் என்பது தேவைப்படவில்லை. எண்ணிக்கை வேண்டுமா? எண்ணிக்கொள்ளுங்கள். பெயரை ஏன் கேட்கிறீர்கள்?

விண்டோசே தொலையளவீடு அனுப்புகிறதே, இதில் மட்டும் என்ன கட்டுப்பாடு என்று ஓர் ஆசிரிய நண்பர் மடக்கினார். உண்மை, அனுப்புகிறது. விண்டோஸ் 11இல் 'கட்டாயம்', 'விருப்பம்' என இரு நிலைகள் உள்ளன. வீட்டுப் பதிப்பில் கட்டாய நிலைக்குக் கீழே இறங்க வழியில்லை. ஆனால், கல்விப் பதிப்பிலும் நிறுவனப் பதிப்பிலும் அதை அறவே நிறுத்தவும் நிருவாகிக்கு வசதி இருக்கிறது. என்ன அனுப்பப்படுகிறது என்பதைப் பார்க்க ஒரு செயலியையும் மைக்ரோசாப்ட் 2018இல் கொடுத்தது. உலகப் பெருநிறுவனமே ஒரு சாளரத்தைத் திறந்து காட்டுகிறபோது, பள்ளிக்கு 15 கணினி கொடுப்பவர் காட்ட மாட்டாரா?

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் கணினிக் கடைக்காரரிடம், "பையன் என்ன பார்க்கிறான் என்று தெரிய ஏதாவது போட்டுக் கொடுங்கள்" என்று கேட்கிறீர்கள். அக்கறைதான், ஐயமில்லை. ஆனால், பிள்ளையின் திறன்பேசியைக் கண்காணிக்கப் பெற்றோர்க்கென விற்கப்பட்ட டீன்சேஃப் என்ற செயலியின் வழங்கி 2018 மே மாதத்தில் பூட்டின்றிக் கிடந்தது. பிள்ளைகளின் ஆப்பிள் கணக்குகளும் கடவுச்சொற்களும் மறைப்பின்றி அதில் இருந்தன. எம்ஸ்பை என்னும் இன்னொன்றின் தரவுகள் 2015, 2018, 2024 என மூன்று முறை கசிந்தன. பிள்ளையைக் காக்க வாங்கிய பூட்டின் திறவுகோல் தெருவில் கிடந்தது! திருக்குறளில் ஒற்றாடலுக்கென்று 59ஆம் அதிகாரம் இருக்கிறதே என்று யாரும் என்னிடம் வரவேண்டா. அது பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லப்பட்டது. மக்கட்பேறு என்ற அதிகாரம் வேறு பாலில் இருக்கிறது.

தமிழாசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. கணினியோ மென்பொருளோ யார் கொடுத்தாலும், எதைச் சேகரிக்கிறது, எங்கே அனுப்புகிறது, எத்தனை நாள் வைத்திருக்கும், யார் பார்ப்பார்கள் என்பவற்றை ஒரே பக்கத்தில், தமிழிலும் மலாயிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். உடன்பாடு என்றால் கையொப்பம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். பயனர் பெயரில் மாணவரின் பெயர் வேண்டா; கணினி எண்ணே போதும். எழுதித் தர மறுப்பாரானால், கணினியை வாங்கிக்கொண்டு, வன்தட்டை முழுமையாக அழித்துப் புதிதாக இயங்குதளம் நிறுவிக்கொள்ள இயலுமா என்று அவரிடமே கேளுங்கள். அதற்கும் மறுத்தால், அவர் கொடுக்க வந்தது கணினியைத்தானா என்பது விளங்கிவிடும்.

ஏற்கெனவே நிறுவப்பட்டவற்றைப் பார்க்க, திங்கட்கிழமை கணினி அறையில் ஒரு கால்மணி நேரம் ஒதுக்குங்கள். தொடக்கப் பட்டியின் தேடல் கட்டத்தில் சர்வீசஸ் என்று தட்டச்சிட்டால் நீண்ட பட்டியல் ஒன்று விரியும். பெரும்பாலானவை விண்டோசுக்கு உரியவை. அவற்றில் கை வைக்காதீர்கள். பெயரோ நிறுவனமோ அறிமுகமில்லாதவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அத்தாளைத் தலைமையாசிரியர் வழியாகக் கணினிகளை நிறுவியவருக்கு அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் அமைப்புக் கோப்பைக் கேளுங்கள். விடை எழுத்தில் வேண்டும்; தவணை இரண்டு வாரம்.